டம்மி டக் அறுவைக்குப் பின் ஆறாத காயம்: டிரெஸ்ஸிங் அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவின் டிரெஸ்ஸிங் அறையில் பல ஆண்டுகளாகக் கட்டு மாற்றும் வேலை என்னுடையது. தொங்கும் வயிற்றுத் தோலைக் குறைத்துக்கொள்ளும் 'டம்மி டக்' அறுவை முடிந்து காயம் சரியாக ஆறாமல் வருபவர்களும், துணைக்கு வரும் அம்மா, மாமியார், கணவன்மார்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். டாக்டரிடம் கேட்கத் தயங்கி, நான் பிளாஸ்டரை உரிக்கும் நேரத்தில் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். "அழகுக்காக நீயா இழுத்துக்கிட்டதுதானே" என்று வீட்டில் ஒரு சொல் விழுந்துவிடும் என்ற பயத்தில் நான்கைந்து நாள் மறைத்து வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்து, அறிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் காயத்தைக் கண்ணால் பார்க்கும் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. டம்மி டக்னா கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறதுதானே சிஸ்டர்? அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய காயம்?

கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைப்போசக்ஷன். அதில் துளைகள் மட்டுமே இருக்கும். டம்மி டக்கில் ஓர் இடுப்பெலும்பின் அருகிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை அடிவயிற்றில் குறுக்கே வெட்டி, தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்து விலா எலும்பு வரை தூக்குகிறார்கள். பிரசவங்களால் விலகிப்போன நடுவயிற்றுத் தசைகளை இழுத்துத் தைக்கிறார்கள். பிறகு தூக்கிய தோலைப் போர்வையைப் போலக் கீழே இழுத்து, மிகுதியை வெட்டி எடுத்துவிட்டுத் தைக்கிறார்கள். தொப்புள் தன் காம்போடு இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே வந்து மூடும் தோலில் புதிதாக ஒரு துளையிட்டு அதை வெளியே கொண்டுவருவார்கள்.

ஆக, வெளியே தெரியும் தையல் கோடு காயத்தின் ஒரு பகுதிதான். உள்ளே, தோலுக்கும் தசைக்கும் இடையே, இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்தாலும் மிஞ்சும் அளவுக்கு ஒரு பெரிய பரப்பு திரும்ப ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே வரும் சிக்கல்களில் பாதி அந்தப் பரப்பிலிருந்து கிளம்புபவை.

2. தையல் பிரிச்சாச்சு. அப்போ ஆறிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. தையல் பிரித்தால் தோலின் மேல்பக்கம் மூடிக்கொண்டது என்பது மட்டுமே பொருள். முதல் வார முடிவில் காயத்தின் பிடிமானம் இயல்பான தோலின் வலுவில் சுமார் 3 விழுக்காடுதான். மூன்றாம் வாரத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு. மூன்று மாதத்தில்தான் 80 விழுக்காட்டை நெருங்குகிறது, அதற்குமேல் முழுமையாக எப்போதும் எட்டுவதில்லை. பதினைந்தாம் நாள் "நல்லாத்தான் இருக்கு" என்று தண்ணீர்க் குடத்தையோ குழந்தையையோ தூக்கிவிட்டு, மறுநாள் கோடு விட்டுப்போய் வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். பாரம் தூக்குவதை ஆறு வாரமாவது தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான்.

3. ரெண்டு ஓரமும் அழகா ஆறிடுச்சு. நடுவுல, தொப்புளுக்கு நேர் கீழே மட்டும் ஏன் ஆற மாட்டேங்குது?

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. இதற்கான பதில் புரிந்தால் மற்றவை தாமாக விளங்கும். வயிற்றுத் தோலுக்கு இரத்தம் மூன்று திசைகளிலிருந்து வருகிறது: நடுவில் தசையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் நாளங்கள், கீழே தொடைமடிப்பிலிருந்து ஏறிவரும் நாளங்கள், இரு பக்கமும் விலாவிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரும் நாளங்கள். 1979-இல் ஹியூகர் என்ற அறுவை மருத்துவர் வகுத்த இந்த மூன்று மண்டலப் பிரிவைத்தான் இன்றும் பாடத்தில் சொல்லித்தருகிறார்கள். தோலைத் தூக்கும்போது முதல் இரண்டு வழிகளும் பெரும்பாலும் அறுபட்டுவிடுகின்றன. மிச்சம் இருப்பது பக்கவாட்டு வழி மட்டும்.

காவிரியில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்குக் கடைசியாகத்தானே வந்து சேரும்? இரண்டு பக்கமிருந்தும் பாயும் இரத்தத்துக்குத் தொப்புளுக்குக் கீழே, கோட்டின் நட்டநடுப் பகுதிதான் கடைமடை. அதிக இழுவை விழும் இடமும் அதுவே. இழுத்துப் பிடித்த தோலில் நுண்ணாளங்கள் நெரிபடும் என்பதால், வரும் கொஞ்ச இரத்தமும் தடைப்படும். தையல் விடுவதும் தோல் கறுப்பதும் பெரும்பாலும் அங்கேயே தொடங்குவது உங்கள் உடம்பின் குற்றமோ, ராசியோ அல்ல. அறுவையின் அமைப்பு அப்படி.

4. ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட்தான். அதுகூடவா?

அதுவும்தான். நிகோட்டின் நுண்ணாளங்களைச் சுருக்குகிறது; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தம் சுமக்க வேண்டிய ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கடைமடைக்கு வரும் அரை வாய்க்கால் தண்ணீரையும் மடையில் அடைப்பதற்கு இது சமம். அறுவைக்கு முன் நான்கு வாரமும் பின் நான்கு வாரமும் முழுமையாக நிறுத்தச் சொல்வதே வழக்கம். புகைப்பவர் என்று தெரிந்தால் இந்த அறுவையையே மறுத்துவிடும் மருத்துவர்கள் உண்டு. அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சிகரெட் மட்டும் கணக்கில்லை. பீடி, ஹான்ஸ், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றிலும் நிகோட்டின் இருக்கிறது. "புகைபிடிப்பீங்களா?" என்று கேட்டால் "ஐயோ இல்லை" என்று உண்மையாகவே சொல்லிவிட்டு, வாயில் புகையிலையை அடக்கிவைத்திருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். கேள்வியைத் தவறாகக் கேட்டது நாங்கள்தாம். சிகரெட்டை விட உதவும் நிகோட்டின் மிட்டாய், நிகோட்டின் பட்டை பற்றியும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

5. எனக்கு சுகர் இருக்கு, ஏற்கெனவே பித்தப்பையும் எடுத்திருக்கு. நான் பண்ணிக்கவே கூடாதா?

சர்க்கரை இருப்பதாலேயே கூடாது என்பதில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் தடை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 அல்லது 7.5-க்குள் வந்த பிறகே பல மருத்துவர்கள் தேதி கொடுப்பார்கள். அறுவையை ஒட்டிய நாட்களில் சர்க்கரை 180-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் கிருமித் தொற்றுக்கு வழி திறந்துவிட்டது போலத்தான்.

பித்தப்பை விஷயத்தில் தழும்பு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. லேப்ராஸ்கோப்பியில் எடுத்த சிறு துளைத் தழும்புகள் அவ்வளவு பிரச்சினை தராது. பழைய முறையில் வலது விலாவுக்குக் கீழே சாய்வாக நீளமாக வெட்டி எடுத்திருந்தால், மூன்றாம் பதிலில் சொன்ன பக்கவாட்டு வாய்க்காலின் குறுக்கே கரை கட்டியதுபோல அந்தத் தழும்பு நிற்கும். அதற்குக் கீழுள்ள தோல் காய்ந்துபோகும் ஆபத்து கூடும். அப்படிப்பட்டவர்களுக்குத் தோலைக் குறைவாகத் தூக்கும் வேறு முறையை மருத்துவர் யோசிப்பார். சிசேரியன் தழும்பைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலும் அது வெட்டி எறியும் தோலோடு போய்விடும்.

உடல் எடை மிகுந்தவர்களுக்கும், எடை குறைப்பு அறுவை செய்து நாற்பது ஐம்பது கிலோ இளைத்து வருபவர்களுக்கும் சிக்கல் கூடுதல். இளைத்து வருபவர்கள் வெளியே ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் உள்ளே இரும்புச்சத்தும் புரதமும் குறைந்திருப்பது சாதாரணம். முன்கூட்டியே பரிசோதித்துச் சரிசெய்துகொள்வது நல்லது.

6. மறுநாளே ஒரு பக்கம் மட்டும் வீங்கி, நீலம் பாரிச்சு, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. வீக்கம் சகஜம்னாங்களே?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மெல்ல ஏறும் வீக்கம் சகஜம். முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுகி வீங்கினால், உள்ளே இரத்தம் கட்டுகிறதோ என்று பார்க்க வேண்டும். ட்ரெயின் பாட்டிலில் (உள்ளே சேரும் நீரும் இரத்தமும் வெளியேற வைக்கும் குழாயின் பாட்டில்) சிவப்பாக வேகமாக நிறைவதும், தலைசுற்றலும், படபடப்பும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. கட்டிய இரத்தம் தோலைக் கீழிருந்து அழுத்தி அதன் இரத்த ஓட்டத்தையும் கெடுக்கும் என்பதால், பெரும்பாலும் தியேட்டருக்குத் திரும்ப அழைத்துச்சென்று வெளியேற்றிவிடுவார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து என எதைச் சாப்பிட்டு வந்தாலும் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

7. ட்ரெயின் எடுத்த பிறகு வயிறு தண்ணிப் பை மாதிரி தளும்புது. வலியே இல்லை. விட்டுடலாமா?

நிணநீர் கோத்துக்கொள்வதை செரோமா என்பார்கள். இந்த அறுவையில் மிகவும் அடிக்கடி வரும் சிக்கல் இதுதான். முதல் பதிலில் சொன்ன அந்தப் பெரிய உட்பரப்பு ஒட்டாமல் இடைவெளி இருக்கும்போது அங்கே நீர் சேர்கிறது. ட்ரெயினில் வரும் நீர் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே அதை எடுப்பதும், தோலை உள்ளே தசையோடு ஆங்காங்கே தைத்து இழுவையைப் பங்கிட்டு விடுவதும் இதைக் குறைக்கத்தான்.

வலி இல்லாததால் விட்டுவிடக் கூடாது. அந்தத் தோல் மரத்திருப்பதால்தான் வலிக்கவில்லை. படுத்துக்கொண்டு ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலை தெரிந்தால் வந்து காட்டுங்கள். மரத்த தோல் என்பதால் ஊசி வைத்து உறிஞ்சுவது பலருக்குத் தெரியவே தெரியாது. வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீராக வரும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, மூன்று நான்கு வாரம் எடுக்க வேண்டி வரலாம். விட்டுவிட்டால் நீரைச் சுற்றி உறை ஒன்று தடித்து, பிறகு அதை வெட்டி எடுக்கத் தனியாக ஓர் அறுவை தேவைப்படும். வீட்டில் சிரிஞ்ச் வாங்கி நீங்களே எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அப்படியும் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

8. தையல் ஓரத்துல கறுப்பா பொருக்கு மாதிரி இருக்கு. சுரண்டி எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். அது இரத்தம் உலர்ந்த பொருக்காகவும் இருக்கலாம், இறந்த தோலாகவும் இருக்கலாம். இறக்கும் தோல் ஒரே நாளில் கறுப்பதில்லை. முதலில் கத்தரிப்பூ நிறம், பிறகு நீர்க் கொப்புளம், அப்புறம் மெல்ல மெல்லக் கறுத்துத் தோல் செருப்பைப் போல இறுகும். மாநிறத்திலும் கறுப்பிலும் உள்ள நம் தோலில் அந்த முதல் நிறமாற்றம் எளிதில் கண்ணில் படாது. பகல் வெளிச்சத்தில், பக்கத்திலுள்ள நல்ல தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விரலால் மெதுவாக அழுத்தி எடுத்தால் வெளுத்து உடனே நிறம் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானாலோ திரும்பவே இல்லையென்றாலோ அன்றே காட்டுங்கள். அந்தக் கட்டத்தில், அறுவைக்குப் பின் வயிற்றைச் சுற்றிப் போடும் பெல்ட்டைத் தளர்த்தி, சில தையல்களை வெட்டி விட்டால்கூடத் தோலைக் காப்பாற்ற முடிவதுண்டு.

கறுத்தே போய்விட்டால் எது செத்தது, எது பிழைக்கும் என்ற எல்லை தெளிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காய்ந்த பொருக்கை அப்படியே வைத்துக் காப்பது சோம்பலல்ல, சிகிச்சைதான். அவசரப்பட்டு வெட்டினால் பிழைக்கக்கூடிய தோலும் போய்விடும். ஆனால் அது ஈரமாகி நாற்றம் எடுத்தாலோ, அடியில் சீழ் கோத்தாலோ காத்திருக்க மாட்டார்கள், இறந்ததை அகற்றிவிடுவார்கள்.

9. தையல் விட்டுப்போய் உள்ளே மஞ்சளா தெரியுது. குடல் வெளிய வந்துடுமா? திரும்பத் தைக்கச் சொன்னா ஏன் தைக்க மாட்டேங்கறாங்க?

நீங்கள் பார்ப்பது தோலடிக் கொழுப்பு. குடல் அதற்கும் உள்ளே, இழுத்துத் தைத்த தசைச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. தோல்கோடு விட்டுப்போவதால் அது வெளியே வராது. குடலிறக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்தவர்களுக்கு மட்டும், வயிற்றுக்குள் புதிதாகப் புடைப்பும் வாந்தியும் இருந்தால் தனியாகப் பார்க்க வேண்டும்.

விட்டுப்போன விளிம்புகள் வீங்கி, தையலைப் பிடித்துக்கொள்ளும் திறனில்லாமல், கிருமிகளோடு இருக்கும். மூன்றாம் பதிலில் சொன்ன காரணங்களால் அவற்றில் இரத்த ஓட்டமும் குறைவு. அதை இழுத்துத் தைத்தால் இரண்டாம் முறையும் விடும், கிருமியை உள்ளே வைத்து மூடியதாகவும் ஆகும். அதனால் அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூட விடுகிறோம். நல்ல அறிகுறி, மாதுளை முத்துகளைப் போலச் சிவந்த பொடிப் பொடியான சதை தெரிவது. காயம் பெரிதாக இருந்தால் உறிஞ்சு கட்டு, அதாவது வாக் டிரெஸ்ஸிங் போடுவார்கள்: பஞ்சு போன்ற நுரையை வைத்து மேலே படலம் ஒட்டி, சிறு இயந்திரம் வழியாக வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சுவது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஓர் உள்ளங்கை அகலக் காயம் மூட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். எங்கள் அறையில் ஒருவருக்கு எழுபது நாளுக்கும் மேல் கட்டு மாற்றியிருக்கிறேன். கடைசி நாளில் ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்த சிவப்புப் புள்ளியை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றார்.

10. மஞ்சளா இருக்கிறதெல்லாம் சீழா?

இல்லை. தெளிந்த மஞ்சள் நீர், ஏழாம் பதிலில் சொன்ன நிணநீர். எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும் துளிகள் வந்தால், இரத்தம் கிடைக்காமல் கரைந்த கொழுப்பு. காயத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, துடைத்தாலும் வராத வெளிர்மஞ்சள் படலம் இறந்த திசு. கலங்கிக் கெட்டியாக, நாற்றத்தோடு வருவதும், சுற்றியுள்ள தோல் சிவந்து சூடாக இருப்பதும், காய்ச்சலும் சேர்ந்தால்தான் சீழ் என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக்கைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர்களால் எங்களுக்கு ஏற்படும் தொல்லை கொஞ்சமல்ல. சீழ் உள்ளே தேங்கியிருந்தால் அதை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் வேலை செய்யாது. கல்ச்சர் எடுக்கும் முன் மாத்திரை போட்டுவிட்டால் என்ன கிருமி என்றும் தெரியாமல் போய்விடும். சிவப்பு இருந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினால் கிளம்பி வாருங்கள்.

11. முட்டை, தயிர், மீன், பருப்பு எதுவும் கூடாது, சீழ் வைக்கும்னு மாமியார் சொல்றாங்க. பத்தியம் எத்தனை நாள்?

பத்தியமே வேண்டாம். இதில் மாமியார்களோடு நான் நேரடியாகவே வாதாடியிருக்கிறேன், மரியாதையோடுதான். காயத்தை மூடும் சதையைக் கட்டுவது புரதம். ஆறாத காயம் உள்ளவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. இட்லியும் ரசம் சாதமும் மட்டும் கொடுத்து அந்தக் கணக்கை எட்டவே முடியாது. முட்டை, மீன், கோழி, பருப்பு, கொண்டைக்கடலை, பால், தயிர், பனீர் ஆகியவற்றைப் பங்கிட்டு மூன்று வேளையும் கொடுங்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி-க்கு நல்லவை.

ஏற்கெனவே ஒரு பொருள் உங்களுக்கு ஒவ்வாமை தருவதாக இருந்தால் அதை மட்டும் விடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் குடித்தால் காயம் நீர் கோக்கும் என்பதும் தவறு. தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வந்து, முக்கும்போது தையலில்தான் இழுக்கும்.

12. மஞ்சள் பத்து போடலாமா? வேப்பிலை? தேங்காய் எண்ணெய்? பெட்டாடினாவது ஊத்தலாமா?

திறந்த காயத்தில் முதல் மூன்றும் கூடாது. மஞ்சளின் குணத்தைப் பற்றிய சண்டை இல்லை இது. சமையலறை டப்பாவிலுள்ள தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல என்பதுதான் விஷயம். மேலும், மஞ்சள் பூசிய காயத்தின் நிறத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எட்டாம், பத்தாம் பதில்களில் சொன்ன அத்தனையும் நிறத்தை நம்பியவை. பெட்டாடினையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் தினமும் காயத்துக்குள் ஊற்றினால் கிருமியோடு புதிதாக முளைக்கும் செல்களும் பாதிக்கப்படும். நார்மல் சலைனால் கழுவி, டாக்டர் சொன்ன களிம்பை வைத்து, சுத்தமான காஸ் வைத்து ஒட்டினாலே போதும். முழுமையாக மூடிய பிறகு தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தடவுவதில் தவறில்லை.

13. வயிறு மரத்து, கல்லு மாதிரி இருக்கு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தா இளகுமா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் குரலை உயர்த்தியே பதில் சொல்வேன்: கூடவே கூடாது. தோலைத் தூக்கும்போது உணர்வு நரம்புகளும் அறுபடுவதால், தொப்புளுக்குக் கீழே பல மாதங்களுக்கு, சிலருக்கு நிரந்தரமாகவும், உணர்வு குறைந்தே இருக்கும். வெந்நீர்ப் பையின் சூடு உங்களுக்குத் தெரியாது. கைக்கு இதமாகத் தெரிந்த சூடு வயிற்றில் கொப்புளமாக எழும்பி, நன்றாக ஆறிய வயிற்றில் புதுக் காயம் உண்டாகி வருபவர்கள் இருக்கிறார்கள். ஐஸ் கட்டியையும் நேராக வைக்காதீர்கள். மடிக்கணினியை வயிற்றின் மேல் வைத்துப் படம் பார்ப்பதும் இதே கணக்குதான்.

கல் போன்ற இறுக்கம் பெரும்பாலும் வீக்கம். சில மாதங்களில் இளகும். ஓரிடத்தில் மட்டும் உருண்டையாகக் கட்டி இருந்தால் இறந்த கொழுப்பாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

14. பெல்ட்டை எவ்வளவு இறுக்கணும்? புடவை கட்டலாமா? நிமிர்ந்து நடக்கலாமா?

உள்ளங்கை நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். இறுக்கினால் வயிறு இன்னும் தட்டையாகும் என்று நினைத்து மூச்சுவிட முடியாத அளவுக்கு இறுக்குபவர்கள் கடைமடையை மிதிக்கிறார்கள். பெல்ட்டில் சுருக்கம் விழுந்தால் அந்த மடிப்பு தோலில் பதிந்து புண்ணாகும். காலையும் மாலையும் கழற்றிப் பாருங்கள். பாவாடை நாடாவும் இதே வேலையைச் செய்யும். மரத்த தோலில் அது அறுப்பது தெரியாது. ஆறு வாரம் நைட்டியோ தளர்ந்த சுடிதாரோ போதும். கல்யாண வீட்டுக்குப் போயே ஆகவேண்டுமென்றால் எலாஸ்டிக் வைத்த பாவாடை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு வாரமாவது இடுப்பைச் சற்று வளைத்தே நடக்க வேண்டும். படுக்கும்போது தலைக்கும் முழங்காலுக்கும் கீழே தலையணை வைக்க வேண்டும். நிமிர்ந்தால் இழுவை முழுவதும் கோட்டின் நடுவில் விழும். அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. கால் நாளங்களில் இரத்தம் உறையும். குனிந்தபடியே வீட்டுக்குள் நடங்கள்.

15. தொப்புள் கறுத்து, நாத்தம் வருது. தொப்புளே போயிடுமா?

தொப்புள் தன் காம்பின் வழியாக வரும் இரத்தத்தை மட்டும் நம்பி இருக்கிறது. தொப்புள் குடலிறக்கத்தையும் அதே அறுவையில் சரிசெய்தவர்களுக்கு அந்த வழியும் குறையலாம். மேலோட்டமாகக் கறுத்தது உரிந்து, அடியில் ஆறிவிடுவதே அதிகம். முழுவதும் போய்விட்டாலும் குழிந்த தழும்பாக ஆறி, தூரத்திலிருந்து பார்க்கத் தொப்புளைப் போலவே இருக்கும். தேவைப்பட்டால் பின்னர் சீரமைக்கலாம். நாற்றம் சில சமயம் உள்ளே தேங்கிய அழுக்கும் ஈரமும்தான். சலைனில் நனைத்த காஸால் துடைத்து உலர்த்துங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஆழமாக விடாதீர்கள்.

16. நல்லா ஆறி ரெண்டு மாசம் ஆச்சு. இப்போ கோட்டுல சின்னச் சின்னக் கட்டியா வந்து உடையுது. என்ன இது?

கட்டியின் வாயில் வெள்ளையாகவோ நீலமாகவோ நூல்முனை தெரிந்தால், கரையாத தையல் முடிச்சை உடம்பு வெளியே தள்ளுகிறது. இடுக்கியால் எடுத்துவிட்டால் இரண்டே நாளில் ஆறும். நூல் எதுவும் இல்லாமல், ஒன்று ஆறினால் அடுத்தது என்று கிளம்பி, சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காமல், வழக்கமான கல்ச்சரில் கிருமி எதுவும் இல்லை என்றே அறிக்கை வந்துகொண்டிருந்தால், காசநோய்க் கிருமியின் உறவான வேறு மைக்கோபாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் வாழும் இவை, சரியாகக் கிருமி நீக்காத கருவிகள் வழியாக உள்ளே போகும். வாரங்கள், மாதங்கள் கழித்தே தலைகாட்டும். லேப்ராஸ்கோப்பித் துளைக் காயங்களில் நம் நாட்டு மருத்துவர்களுக்கு இது பழகிய தொல்லை. குறைந்த செலவில் அழகு அறுவை செய்துகொள்ள டொமினிக்கன் குடியரசுக்குப் போய்வந்த அமெரிக்கப் பெண்களிடம் 2013, 2014-ஆம் ஆண்டுகளில் இதே வகைத் தொற்று கண்டறியப்பட்டது.

இதைக் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை ஏஎஃப்பி ஸ்மியரும் மைக்கோபாக்டீரியா கல்ச்சரும். சாதாரண கல்ச்சரில் இது தப்பிவிடும். எந்த வகை என்று பார்க்காமல் காசநோய் மாத்திரைகளைத் தொடங்கிவிடுவதும் நடக்கிறது. இந்த வகைகளில் பல அவற்றுக்குக் கட்டுப்படுவதில்லை. சரியான மருந்துகள் பல மாதம் தேவைப்படும், சிலருக்கு மறு அறுவையும்.

17. தழும்பு தடிச்சுப் போய் அரிக்குது. கீலாய்டா?

கோட்டின் எல்லைக்குள்ளேயே தடித்திருந்தால் அது தடித்த தழும்பு. ஓராண்டு ஈராண்டில் தானாகவே ஓரளவு அமரும். எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் நண்டுக்கால் விட்டால் கீலாய்டு. இழுவையோடு ஆறிய இடமும், ஒன்பதாம் பதிலில் சொன்னபடி தானாக மூடிய இடமும் அதிகம் தடிக்கும். காயம் முழுவதும் மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் அல்லது பட்டையை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று மாதமாவது பயன்படுத்த வேண்டும். அடங்காவிட்டால் டிரையாம்சினலோன் ஊசியைத் தழும்புக்குள்ளேயே போடுவார்கள். கீலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும் வாய்ப்பு அதிகம். தடித்த தழும்பைத் திருத்தும் அறுவைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுப்பது நல்லது.

18. எந்த அறிகுறிக்கு ராத்திரின்னும் பார்க்காம ஓடணும்?

பார்ப்பதற்குக் காயம் சுமாராக இருந்தும் தாங்கமுடியாத வலி. மணிக்கணக்கில் பரவும் சிவப்போ கருநீலமோ. தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்ற உணர்வு. இவை சதையைத் தின்னும் அரிய தொற்றின் அடையாளங்கள். அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி: காயத்தோடு தொடர்பில்லாதவையாகத் தோன்றினாலும், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அழகு அறுவைகளில் இந்த ஆபத்து கூடுதலாக உள்ளவற்றில் டம்மி டக்கும் ஒன்று. நடுக்கத்தோடு காய்ச்சல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவதும் இதே வரிசையில் சேரும். காலை ஓபி திறக்கட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

19. இப்படி ஆனது டாக்டரோட தப்பா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சிக்கல் வந்ததாலேயே தவறு நடந்தது என்றாகாது. மூன்றாம் பதிலில் சொன்ன ஆபத்து, திறமையானவர் கையிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்தை முன்கூட்டி உங்கள் மொழியில் விளக்கினார்களா, புகை, சர்க்கரை, பழைய தழும்பு பற்றிக் கேட்டார்களா, சிக்கலைச் சொன்னபோது பார்த்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என் அனுபவத்தில் கோபம் வருவது பெரும்பாலும் காயத்தால் அல்ல, போனை எடுக்காததால்.

விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும், மருத்துவக் காரணத்துக்காகத் தேவை என்று சான்றளிக்கப்பட்டதும் தவிர்த்து, தோற்றத்துக்கான அறுவையை நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் விலக்கியே வைத்திருக்கின்றன. அதிலிருந்து வரும் சிக்கலின் செலவையும் அதே காரணம் சொல்லி மறுப்பார்கள் என்று எண்ணி, மூன்று மாதக் கட்டுச் செலவுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

20. வெளியூர்ல போய் பண்ணிக்கிட்டேன். இங்க உள்ள டாக்டர், "பண்ணினவர்கிட்டயே போங்க"ங்கறார். நான் என்ன செய்யறது?

அவருடைய தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது: உள்ளே என்ன செய்தார்கள், எந்த நூல் போட்டார்கள், தசைச் சுவருக்கு வலுவூட்ட வலை (மெஷ்) வைத்தார்களா, எவ்வளவு தோல் எடுத்தார்கள் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அறுவைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதிகளில் 2002-இலேயே உள்ளது. எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் பதிலில் சொன்ன அறிகுறிகளுக்கு எந்தக் காகிதமும் தேவையில்லை. எந்த அவசரப் பிரிவும் முதலில் பார்க்கத்தான் வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் காயத்தைப் படம் எடுத்து வையுங்கள். நாணயம் அளவு காட்டும். பத்து நாள் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்க்கும் டாக்டர், நீங்கள் அரை மணி நேரம் சொல்வதைவிட அதிகம் தெரிந்துகொள்வார்; "சரி, ஏறிப் படுங்க, பார்க்கிறேன்" என்று சொல்லவும் அது அவருக்கு எளிதாக இருக்கும்.